உடைப்பில் உட்கார்ந்தவள்

ஊர்க்கரை உடைந்த காலையில் தையல்நாயகி போய் உடைப்பில் உட்கார்ந்தாள், கொள்ளிடம் அவள் முதுகோடு நின்றுவிட்டது. நடந்தது இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு கோரைத்திட்டு என்ன செய்தது என்பதுதான் சொல்லச் சொல்ல நீள்கிறது.

கோரைத்திட்டு, கொள்ளிடம் கடலில் விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஆற்றின் மடியிலேயே கிடக்கிற ஊர். ஆற்றுப் பக்கம் ஊரார் தாங்களே மண் வெட்டிப் போட்ட ஊர்க்கரை, மறுபக்கம் சர்க்கார் போட்ட பெரிய கரை, அதன்மேல் தார் ரோடு, இரண்டுக்கும் நடுப்பள்ளத்தில் வீடுகளும் கத்தரிக்கொல்லைகளும் காக்கட்டான் பூந்தோட்டங்களும் ஆட்டுக்கொட்டகைகளும். மேலே எங்கோ மழை பெய்து, எங்கோ அணை நிறைந்து, யாரோ ஒருவர் மதகைத் திறக்கச் சொன்னால் இங்கே அடுப்புக்குள் தண்ணீர் ஏறும். அதனால் ஆவணியில் ஆறு சிவந்தால் கரைக்காவல். அதற்கு ஒரு முறை உண்டு. கரையைத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று கோல் போட்டு அளந்து, அவரவர் பங்கு தொடங்குகிற இடத்தில் ஒரு மூங்கில் குச்சியை நட்டு, அந்த வீட்டு ஆம்பளையின் பழைய வேட்டியில் கிழித்த துண்டை அதில் கட்டிவிடுவார்கள். வளை அடைப்பதும் ஊற்றுக்கண் பார்ப்பதும் அந்தத் துண்டுக்காரன் பொறுப்பு. வெள்ள நேரத்தில் பெண்கள் கரை ஏறக்கூடாது. ஆறும் பொம்பளை, இன்னொரு பொம்பளையைப் பார்த்தால் பேச வந்துவிடுவாள் என்று ஆண்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். யாராவது ஏறிவிட்டால் சிரிக்க மாட்டார்கள்.

தையல்நாயகியின் புருஷன் கண்ணையன் போன வருஷம் வெளியூர்க் கட்டட வேலையில் சாரம் சரிந்து செத்துப்போனான். வேட்டி கட்டின ஆள் இல்லாத வீடு தலைக்கட்டில் சேராது. கரைமுறை பார்க்கிற ராஜாங்கம் இந்த ஆவணியில் கண்ணையன் குச்சியைப் பிடுங்கி ஓரமாகப் போட்டார். அப்படி ஒரு பங்கு ஒழிந்தால் இந்தப் பக்கத்தான் கொஞ்சமும் அந்தப் பக்கத்தான் கொஞ்சமுமாகத் தங்கள் குச்சிகளை நகர்த்தி நட்டுக்கொள்ள வேண்டும். இந்தப் பக்கத்தான் கண்ணையனின் தம்பி கலியபெருமாள். அந்தப் பக்கத்தான் நகர்த்திக்கொள்வான் என்று அவன் நினைத்தான். அண்ணன் பங்கு தம்பிக்குத்தானே போகும் என்று அந்தப் பக்கத்தான் நினைத்தான். நடுவில் ஒரு மாட்டுவண்டி அகலத்துக்குக் கரை யாருக்கும் இல்லாமல் கிடந்தது. நண்டு அங்கேதான் வளை போட்டது. ஆறும் அங்கேதான் வந்தது.

அன்றைக்குத் தையல்நாயகி வெளுக்கும்போதே தன் தோட்டத்தில் காக்கட்டான் அரும்பு பறித்துக்கொண்டிருந்தாள். வெயில் பட்டால் அரும்பு வாய் திறந்துவிடும், திறந்த பூவை வியாபாரி தொடமாட்டான், அதனால் அந்த ஊர்ப் பெண்களுக்கு ஆறு வந்தாலும் அரும்பு அரும்புதான். தோட்டத்துக்குப் பின்னால் வீடு. வீட்டுக்குள் மகள் நிரோஷா, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள், நிறைமாத வயிற்றோடு ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அவள் புருஷன் துபாயில். முதலில் கரைப்பக்கம் ஒரு செம்புத் தண்ணீர் கவிழ்ந்த சத்தம்; பிறகு ஒரு குடம்; பிறகு கரை வாயைத் திறந்தது. தையல்நாயகி கூப்பிட்டாள். துண்டுக்காரர்கள் எல்லோரும் அவரவர் துண்டுக்குக் கீழே அவரவர் பங்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் செடிகளைப் படுக்கவைத்துக்கொண்டு தன் வீட்டு வாசலைப் பார்த்துப் போவதை அவள் கண்டாள். கையில் மண்வெட்டி இல்லை, சாக்கு இல்லை, மடியில் கட்டிய அரும்பு மட்டும்தான் இருந்தது. அந்த மடியோடு, இழுக்கிற தண்ணீரில் செடியைப் பிடித்துப் பிடித்து ஏறி, உடைப்பின் நடுவில், வீட்டைப் பார்த்தபடி, ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உள்ளே விடமாட்டேன் என்று வாசலை அடைக்கிறவளாகச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

தண்ணீர் நின்றது. நுரை அவள் தோள்வரை வந்து, யோசித்து, பின்வாங்கியது. ஏற்கெனவே உள்ளே வந்ததை மண் குடித்துக்கொண்டது.

ஆண்கள் ஓடிவந்தபோது உடைப்பின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை தண்ணீர் செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது, செம்மண் கரைத்த கண்ணாடி மாதிரி, உள்ளே கெண்டை மீன்கள் அவள் காதுவரை வந்து முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. பிறகு ராஜாங்கம் தொண்டையைச் செருமி, தையலு டீ குடிச்சாச்சா என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு அது ஊர்க் காரியமாகிவிட்டது. யாரோ டீ கொண்டுவந்தார்கள். யாரோ நாலு கம்பு நட்டு மேலே தார்ப்பாய் கட்டினார்கள். ஆறு ஏறியது, அவள் தலைக்கு மேலேயும் ஏறியது, தார்ப்பாய்க்கு மேலேயும் ஏறியது, ஆனால் அவள் முதுகைத் தாண்டி ஒரு சொட்டு வரவில்லை. சாயங்காலம் ஜீப்பில் ஒரு அதிகாரி வந்தார். தண்ணீரை ஒரு விரலால் தொட்டு, விரலை மோந்து பார்த்து, கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, என் கண்ணுக்குக் கரை நிற்கிறது, நிற்கிற கரைக்கு அவசரம் என்று எப்படிச் சொல்வது, மணல் மூட்டை வரும், அதுவரைக்கும் அம்மா இப்படியே இருக்கட்டும் என்றார். வெள்ளம் வராத ஊருக்கு நிவாரண அரிசி இல்லை என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா இருந்தாள். ஊர் அவளுக்குப் பழகியது. பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் பெரிய கரையில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிவந்து போட்டோ எடுத்தார்கள். எலுமிச்சம்பழ மாலை வந்தது. குங்குமம் வைக்கலாமா என்று ஒரு பேச்சு எழுந்து, புருஷன் இல்லாதவளுக்கு எப்படி என்று ஒரு தரப்பும், தண்ணியை நிறுத்துகிறவளுக்கு எதை வைத்தால் என்ன என்று ஒரு தரப்பும் மல்லுக்கட்டி, கடைசியில் மஞ்சளோடு நிறுத்திக்கொண்டார்கள். அண்ணன் செத்த பிறகு அவள் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காத கலியபெருமாள் தினம் காலையில் குளித்துவிட்டு வந்து, அண்ணி என்று கும்பிட்டு, தேங்காய் உடைத்தான். துண்டுக் குச்சிகள் கரையில் தனியாக நின்றன. காவல்காரர்கள் வீட்டுக்குப் போய்த் தூங்கினார்கள். கொள்ளிடம் கரைபுரளுகிற ஆவணியில் கோரைத்திட்டு ஆண்கள் நிம்மதியாகத் தூங்கியது அந்த வருஷம்தான்.

தூங்காதவர்கள் பெண்கள். உட்கார்ந்தே இருக்கிறவளுக்கும் ஒண்ணுக்கு வரும், ரெண்டுக்கு வரும், சோறு வாய்க்குப் போகவேண்டும், சேலை மாற்றவேண்டும். விடியற்காலையில் வெளிக்குப் போகிற பெண்கள் நேரே உடைப்புக்கு வருவார்கள். கரை ஏறக்கூடாது என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை, எடுத்தால் அந்த வேலையைத் தாங்கள் செய்யவேண்டி வரும் என்று ஆண்களுக்குத் தெரிந்திருந்தது. ஆளுக்கொரு சேலையைப் பிரித்துச் சுற்றிப் பிடித்து மறைப்புக் கட்டுவார்கள். அந்த நேரத்தில் எந்த ஆணும் அந்தத் திசையில் முகம் திருப்பமாட்டான். மறைப்புக்குள் கலியபெருமாளின் பெண்டாட்டி வேம்பு நுழைந்து, சட்டியை வைப்பாள், எடுப்பாள், கழுவிவிடுவாள், முகம் துடைப்பாள், தலையைப் பின்னிவிடுவாள், ஒரு வாய் சோறு ஊட்டுவாள்.

"வலிக்குதாக்கா?" என்று வேம்பு கேட்டால், வலியில்லை, கன்னுக்குட்டி சாஞ்ச மாதிரி ஆரம்பத்தில் இருந்தது, இப்போது மாடு சாஞ்ச மாதிரி இருக்கிறது என்பாள் தையல்நாயகி. முதுகில் ஆற்றின் சத்தம் கேட்கிறது என்பாள். எங்கேயோ ஒரு வீட்டு நிலைக்கதவு மிதந்து வந்து இடிப்பது, மரம் உருள்வது, செத்த மாடு திரும்பிப் படுப்பது எல்லாம் எலும்பில் கேட்கிறது என்பாள்.

ஆனால் அவள் பேச நினைத்தது ஆற்றைப் பற்றி இல்லை. கிராமத்து நர்சம்மா வந்து நிரோஷாவைப் பார்த்துவிட்டுப் போயிருந்தாள். காலும் முகமும் வீங்கியிருந்தன, பிரஷர் ஏறியிருந்தது. வலி எடுப்பதற்கு முன்பே பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடவேண்டும், வீட்டில் வைத்துப் பார்த்தால் ரெண்டு உயிருக்கும் யாரும் பதில் சொல்ல முடியாது என்று வாசலில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுத்தான் போனாள். தேங்காய் உடைக்க வந்த கூட்டத்திடம் தையல்நாயகி கேட்டாள்.

"புள்ளையக் கொண்டுபோய்ச் சேர்த்துட்டு வந்துடறேன். அதுவரைக்கும் யாராச்சும் இப்படி வந்து உட்காருங்க."

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ராஜாங்கம், நீ உட்கார்ந்து நிக்குது, இன்னொருத்தர் உட்கார்ந்து நிக்காமப் போனா ஊரே போயிடும், இது சோதிச்சுப் பார்க்கிற விஷயமா தாயி என்றார். தாயி என்று அவர் அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை.

"சரி, அவளை மட்டுமாவது அனுப்பி வைங்க. நான் இங்கயே கெடக்கிறேன்."

அதுக்கென்ன, அனுப்பிட்டாப் போச்சு என்றார் ராஜாங்கம். கும்பிட்டார். திரும்பி நடக்கையில் கலியபெருமாளின் தோளில் கைபோட்டுக்கொண்டு அவர் சொன்னது, பின்னால் பாத்திரத்தோடு வந்துகொண்டிருந்த வேம்பின் காதில் விழுந்தது. "யோசிச்சுப் பாருப்பா. பொண்ணு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துட்டா, இவளுக்கு இங்க என்ன இருக்கு? எழுந்திரிச்சுப் போய்க்கிட்டே இருப்பா. அது கெடக்கிறவரைக்கும்தான் இது கெடக்கும்."

அன்று சாயங்காலமே நிரோஷாவின் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது, அதில் ஒரு ஆள் வந்து உட்கார்ந்தான், மறுபொழுதுக்கு வேறு ஆள். காவல் என்று யாரும் சொல்லவில்லை. நிறைமாசக்காரி, ஒரு அவசரம் என்றால் கூப்பிட ஆள் வேண்டாமா என்றார்கள். தலைக்கட்டுக்கு ஒரு ஆளாகத்தான் அந்த முறையும் நடந்தது. விரால்மீன் குழம்பு வந்தது, பேரீச்சம்பழம் வந்தது, வலி எடுத்தால் பக்கத்து ஊர் மருத்துவச்சியைக் கூட்டிவரலாம் என்று பேச்சு வந்தது, கொள்ளிடத்துப் பெண்கள் காலங்காலமாக ஆஸ்பத்திரியிலா பெற்றார்கள் என்று ஒரு நியாயமும் வந்தது. போன் செய்து ஆம்புலன்ஸை வரச்சொன்னாள் நிரோஷா. வந்த ஆம்புலன்ஸைப் பெரிய கரையிலேயே நிறுத்தி, வலி பொய்வலி, சரியாகிவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். அதற்கப்புறம் போன் எங்கேயோ கைமாறிப் போய்விட்டது.

நாற்காலியில் கலியபெருமாள் உட்கார்ந்திருந்த பொழுதில் நிரோஷா கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். முகம் இட்லிமாவுபோல் உப்பியிருந்தது.

"எங்கம்மாவ அணைக்கட்டாக்கிட்டு, என்னைய அதுக்குப் பூட்டாப் போட்டிருக்கீங்க, சித்தப்பா. நான் செத்துட்டேன்னா பூட்டுக்கு எங்க போவீங்க?"

அவன் அவள் முகத்தைப் பார்க்காமல், போய்ப் படும்மா, நிக்கக்கூடாது என்றான். அவன் குரலில் உண்மையாகவே பாசம் இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

மறுநாள் வெளுக்கும் நேரத்தில், மறைப்புக்குள் அது நடந்தது. வேம்பு சட்டியை நகர்த்திவிட்டு, நிரோஷாவுக்கு ராத்திரி முழுக்கத் தலைவலி, கண்ணில் பூச்சி பறக்கிறது என்கிறாள் என்பதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சொல்லிவிட்டாள். தையல்நாயகியின் கண் மேலே செருகியது, தலை தொங்கியது, உட்கார்ந்த உடம்பு அப்படியே முன்பக்கம் சரிந்து வேம்பின் மடியில் விழுந்தது. முதுகு விலகிய இடத்தில் ஆறு ஒரு முழம் உள்ளே வந்தது. சேலை பிடித்திருந்த பெண்கள் கத்தவில்லை. கத்துவதற்கான மூச்சு ஒருத்தியிடமும் இல்லை. வேம்பு, அக்காவை ஒரு பக்கம் தள்ளிவிட்டு ஓடுவதற்குத்தான் எழுந்தாள், அதைப் பிற்பாடு அவளே சொன்னாள், ஆனால் கால் வழுக்கி, திரும்பி, முதுகு தண்ணீரில் படும்படி அதே குழியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆறு நின்றது. உள்ளே வந்த ஒரு முழத்தையும் மெல்லப் பின்னால் எடுத்துக்கொண்டது.

தையல்நாயகி கண் விழித்து, தான் வேறொரு இடத்தில் கிடப்பதையும் தன் இடத்தில் ஓரகத்தி உட்கார்ந்திருப்பதையும் பார்த்தாள்.

"அக்கா. நிக்குது."

"பேசாத. மூச்சு விடு. அது பாட்டுக்கு நிக்கும்."

"பாரமே இல்லையேக்கா."

"இப்ப இருக்காது. போகப் போகத்தான்."

சேலைகளைப் பிடித்திருந்த ஒருத்தியும் கையை இறக்கவில்லை. இதைப் போய் ஆம்பளைகளிடம் சொல்லிவிடலாம், யார் உட்கார்ந்தாலும் நிற்கிறது என்றால் அக்காவை விட்டுவிடுவார்கள் என்றாள் ஒருத்தி. வேம்பு உட்கார்ந்த இடத்திலிருந்தே தலையை ஆட்டினாள். "விடமாட்டாங்கடி. நம்ம அத்தனை பேரையும் முறை போட்டு உட்கார வச்சிருவாங்க. கரை பூராவுக்கும் வச்சிருவாங்க. நாளைக்கு உன் மக, நாளன்னைக்கு என் மக." தையல்நாயகி எழுந்து நிற்கப் பார்த்தாள். கால்கள் அவளுடையவையாக இல்லை. நாலு பேர் பிடித்து நிறுத்தி, தேய்த்துவிட்டு, ஒரு அடி வைக்கப் பழக்கி, மறுபடி அவளை அவள் இடத்தில் உட்காரவைத்துவிட்டு, மறைப்பைச் சுருட்டிக்கொண்டு எதுவும் நடக்காததுபோல் வீட்டுக்குப் போனார்கள். அன்று மத்தியானமும், அதற்கப்புறம் சாயங்காலமும், மறுபடி மறைப்புக் கட்டி அவளை நிறுத்தி நடக்கவைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஒருத்தி உட்கார்ந்தாள். ஒவ்வொருத்திக்கும் நின்றது.

அடுத்த விடியலில் நாற்காலியில் இருந்தது கலியபெருமாள்தான். பெண்கள் பூக்கூடைகளோடு கும்பலாக வந்து, புள்ளத்தாச்சி வெளிக்குப் போகணும், கோரைப்பக்கம் கூட்டிக்கிட்டுப் போறோம் என்றார்கள். தினமும் நடப்பதுதான். அவன் வழக்கம்போல் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். நிரோஷா அவனைத் தாண்டும்போது அவள் அடிவயிற்றில் முதல் வலி வந்தது. நின்றாள். வேம்பு அவள் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். நிரோஷா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"என்ன நின்னுட்டீங்க?" என்றான் கலியபெருமாள், திரும்பாமல்.

"கால்ல முள்ளு," என்றாள் வேம்பு. "நீங்க திரும்பாதீங்க."

அவன் திரும்பவில்லை. மரியாதை தெரிந்தவன்.

அதே நேரத்தில் உடைப்பில் மறைப்பு எழுந்தது, விழுந்தது. எழுந்தபோது உள்ளே இருந்தவள் தையல்நாயகி, விழுந்தபோது முக்காடு போட்டுக் குனிந்து உட்கார்ந்திருந்தது வேறொருத்தி. தையல்நாயகி தலையில் பூக்கூடையோடு மற்ற பெண்களுக்கு நடுவில் கரையிலிருந்து இறங்கினாள். பல் தேய்த்துக்கொண்டு எதிரே வந்த ராஜாங்கம் பெண்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று, உடைப்பில் இருந்த முதுகைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். கோரைக்குள் தாயும் மகளும் பார்த்துக்கொண்டார்கள். அழுவதற்கு நேரம் இல்லை. கோரை ஆளுயரத்துக்கு நின்றது, காலடியில் சேறு, நிரோஷாவுக்கு வலி விட்டுவிட்டு வந்தது, வரும்போதெல்லாம் எல்லோரும் நின்றார்கள், அவள் சத்தம் வெளியே போகாமலிருக்க ஒருத்தி வேண்டுமென்றே உரக்க இருமினாள், இன்னொருத்தி மாமியாரைத் திட்டினாள். அப்படி இருமிக்கொண்டும் திட்டிக்கொண்டும் பெரிய கரைக்கு ஏறினார்கள்.

பூ ஏற்றுகிற குட்டியானை வண்டி நின்றுகொண்டிருந்தது. ஆள் ஏற்றக்கூடாதுங்க என்றான் டிரைவர். தையல்நாயகி, ஆளா நெனைக்காத, ரெண்டு கூடைன்னு நெனைச்சுக்க என்று சொல்லிவிட்டு மகளைத் தூக்கி அரும்புக்கூடைகளுக்கு நடுவில் படுக்கவைத்தாள். அவன் அவள் முகத்தையே பார்த்தான்.

"நீங்க அந்த உடைப்புல இருக்கிற அம்மா மாதிரியே இருக்கீங்களே."

"அவ அங்கதான் இருக்கா. எட்டிப் பாரு."

அவன் எட்டிப் பார்த்தான். தூரத்தில், நிற்கிற ஆற்றுக்கு முன்னால், தார்ப்பாய்க்குக் கீழே முக்காடு போட்ட உருவம் ஒன்று அசையாமல் இருந்தது. சமாதானமாகி வண்டியை எடுத்தான்.

அன்று பூராவும் கோரைத்திட்டுப் பெண்கள் ஒருத்தி மாற்றி ஒருத்தி உட்கார்ந்தார்கள். ஆண்கள் வந்து தேங்காய் உடைத்தார்கள். ராஜாங்கம் தன் கத்தரிக்கொல்லையை விற்கலாமா வேண்டாமா என்று அந்த முதுகிடம் கேட்டு, பதில் வராததை விற்கவேண்டாம் என்று எடுத்துக்கொண்டார். ஒவ்வொருத்தி எழுந்து போனபோதும் அவள் வீட்டு ஆடும் பிள்ளையும் விதைச்சட்டியும் மேய்ச்சல், விருந்து, காய்ச்சல் என்று ஏதோ ஒரு காரணத்தோடு பெரிய கரைக்குப் போய்க்கொண்டிருந்தன. நிரோஷா வீட்டுக் கொடியில் அவள் நைட்டி காய்ந்தது. உள்ளே மின்விசிறி சுற்றியது. சாப்பாடு உள்ளே போய்க் காலித்தட்டு வெளியே வந்தது. நாற்காலியில் ஆள் மாறிக்கொண்டிருந்தான். கதவுக்குப் பின்னால், முக்காடு போட்டுக் கும்பலோடு திரும்பி வந்து உள்ளே போயிருந்த வேம்பின் பெரிய மகள் தட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள். எந்த நேரமும் யாராவது ஒருவன் கதவைத் தள்ளிவிடலாம், முக்காட்டை விலக்கிவிடலாம், பெண்களுக்கு அடுப்பில் கை சுட்டது, அரிவாள்மனையில் விரல் அறுந்தது, ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

சொல் அடுத்த நாள் குட்டியானையில் வந்தது. டிரைவர் கூடைகளை இறக்கிக்கொண்டே, பின்னிராத்திரியில் அறுத்துத்தான் எடுத்தார்களாம், கொஞ்சம் முன்னே பின்னே ஆகியிருந்தால் கஷ்டமாம், பொம்பளைப் புள்ள, ரெண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள் என்றான். அப்போது உடைப்பில் இருந்தவள் வேம்பு. மறைப்புக்குள் வந்து ஒருத்தி காதில் சொன்னாள். மறைப்பை எடுத்துக்கொண்டு எல்லோரும் பெரிய கரைக்குப் போங்க என்றாள் வேம்பு. போனார்கள்.

கொஞ்ச நேரத்தில் கலியபெருமாள் குளித்து, ஈர வேட்டியோடு, தட்டில் தேங்காயும் கற்பூரமும் ஏந்திக்கொண்டு வந்தான். அண்ணி என்று குனிந்தான்.

"நான்தாங்க," என்றாள் வேம்பு. முக்காட்டை எடுத்தாள்.

தட்டு அவன் கையிலேயே இருந்தது, தேங்காய் மட்டும் உருண்டு போனது. அவன் பெண்டாட்டியைப் பார்த்தான், அவளுக்குப் பின்னால் பனையுயரத்துக்கு நின்ற ஆற்றைப் பார்த்தான். கத்த வாயெடுத்தவன், கத்தினால் எதுவாவது உடைந்துவிடும் என்பதுபோல் குரலைத் தணித்துக்கொண்டான்.

"அண்ணி எங்கடி?"

"உங்க அண்ணன் பேத்தியக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்காங்க."

அவன் முகத்தில் ஒரு கணம் சந்தோஷம் வந்தது. வந்தது தெரியாமல் போனது. "நீ எழுந்திரிக்காத. அசையாத. நான் போய் ராஜாங்கத்தக் கூட்டியாறேன்."

"நான் எழுந்திரிக்கத்தான் போறேன். புள்ளைங்களும் ஆடும் மேட்டுல இருக்கு. இங்க இருக்கிறது நீங்க ஆம்பளைங்க மட்டும்தான். வந்து உட்காருங்க."

"ஆம்பளைக்கு நிக்குமாடி?"

"யாரு உட்கார்ந்து பார்த்தீங்க?"

இத்தனை நாளில், இத்தனை தேங்காயில், ஊரில் ஒருவனுக்கும் அது தோன்றியிருக்கவில்லை. வேம்பு ஒரு கையை ஊன்றினாள், இடுப்பைத் தூக்கினாள். அவளுக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விழுந்தது, அதில் தண்ணீர் சீறிக்கொண்டு ஒரு கோடாக வந்தது. கலியபெருமாள் தட்டை எறிந்துவிட்டுப் பாய்ந்து, அவள் நகர நகர இந்தப் பக்கமாக நுழைந்து, ஈர வேட்டியோடு அந்தக் குழியில் உட்கார்ந்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு முதுகைக் கொடுத்தான்.

ஆறு நின்றது. அதற்கு ஆள் இருந்தால் போதும்போலிருந்தது.

அவன் கண்ணைத் திறந்தபோது வேம்பு சேலையைப் பிழிந்துகொண்டிருந்தாள். அவள் மெல்லத்தான் நடந்தாள், தொடை மரத்துப்போயிருந்தது. வேம்பு, வேம்பு என்று அவன் கூப்பிட்டான். எவ்வளவு நேரம் என்று கேட்டான். கால் மாற்றி உட்காரலாமா என்று கேட்டான். அவள் நிரோஷா வீட்டு வாசலுக்குப் போய், நாற்காலியில் அரைத்தூக்கத்தில் இருந்த ஆளைத் தட்டி எழுப்பி, இங்க யாரும் இல்ல, ஆள் அங்கதான் வேணும், எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போ என்று சொல்லிவிட்டு, மகளை அழைத்துக்கொண்டு பெரிய கரைக்கு ஏறினாள்.

ஆஸ்பத்திரியில், பிரசவ வார்டுக்கு வெளியே நடைபாதையில், தையல்நாயகி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். சுவரோரம்தான் இருந்தாள், ஆனால் சுவருக்கும் அவளுக்கும் ஒரு சாண் இடைவெளி. வந்ததிலிருந்து அப்படித்தான் உட்கார்ந்தாள். எதன்மேலும் சாயாமல், எதையும் சாயவிடாமல், முன்னால் கொஞ்சம் குனிந்து. அவ்வப்போது குழந்தையை மாற்றிக்கொண்டு, பின்னால் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். டிரைவருக்குச் சேதி சொல்லத் தன் போனைக் கொடுத்திருந்த பக்கத்துப் பெண் அதை மறுபடி நீட்டி, உங்களுக்குத்தான், உங்க ஊர்லேருந்து என்றாள்.

ராஜாங்கம் மூச்சு வாங்கப் பேசினார். கலியபெருமாள் காலையிலிருந்து இருக்கிறான், இடுப்பு விட்டுப்போச்சு என்று அழுகிறான், மாற்றி உட்கார ஆள் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது, ஊரே சேர்ந்து மண்ணை வெட்டி மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறது, சாயங்காலத்துக்குள் அடைத்துவிடலாம்போல இருக்கிறது, இருந்தாலும் நீ வந்துட்டா ஒரு தைரியமா இருக்கும் தாயி என்றார்.

தையல்நாயகி கேட்டுக்கொண்டிருந்தாள். "தம்பி சாப்பிட்டாரா?"

"எங்க. அவன் கை அசைக்க மாட்டேங்கிறான், பொம்பளைங்க ஒருத்தியையும் காணோம்."

"ஊட்டி விடுங்க," என்று சொல்லிவிட்டு அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

குழந்தை கொட்டாவி விட்டது. உள்ளே நிரோஷா மயக்கம் தெளிந்து தண்ணீர் கேட்கும் குரல் வந்தது, இப்போது கொடுக்கக்கூடாதும்மா என்று நர்ஸ் அதட்டும் குரலும் வந்தது. அதைக் கேட்டபிறகுதான் தையல்நாயகிக்கு உடம்பு தன்னுடையது என்று ஞாபகம் வந்தது. குழந்தையின் தலையை முழங்கை மடிப்பில் ஏந்திக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக, இடையில் இரண்டு தரம் பயந்து நிறுத்தி, முதுகைப் பின்னால் கொண்டுபோனாள். சில்லென்று பட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு முழுப் பாரத்தையும் போட்டுச் சாய்ந்தாள்.

சுவர் தானாகவே நின்றது.